எதிர்ப்பக்கத்தில் மூலமும் இருக்கட்டும்

1857 ஜனவரி 29ஆம் தேதி பாரிஸ் நீதிமன்றம் ஒன்றில் குஸ்தாவ் ஃப்ளோபேரின் ‘மதாம் பொவாரி’ நாவல்மீது விசாரணை நடந்தது. பொது ஒழுக்கத்துக்கும் மதத்துக்கும் ஊறு விளைவித்தது என்பது குற்றச்சாட்டு. நூலாசிரியரோடு, நாவலைத் தொடராக வெளியிட்ட ‘ரெவ்யூ த பாரி’ இதழின் பொறுப்பாளரும் அச்சகத்தாரும் எதிரிகளாக நின்றார்கள். அரசுத் தரப்பில் வாதாடிய எர்னெஸ்ட் பினார் நாவலின் பகுதிகளை எடுத்து வாசித்துக் காட்டியே தன் வாதத்தைக் கட்டினார். சிற்றூர் மருத்துவர் ஒருவரின் மனைவியான எம்மா, முதன்முறையாகக் கணவனை ஏமாற்றிவிட்டு வீடு திரும்பி, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொள்ளும் இடம் அவரை மிகவும் உறுத்தியது. அந்தப் பத்தி முழுக்கப் பரவசம். கண்டனமாக ஒரு சொல் கிடையாது. இது கள்ள உறவுக்குப் பாடப்பட்ட புகழ்ப்பாட்டு என்றார் பினார். பிப்ரவரி 7ஆம் தேதி தீர்ப்பு வந்தது. எல்லோருக்கும் விடுதலை, கூடவே ஆசிரியருக்கு ஒரு கண்டிப்பும். ஏறத்தாழ நூறாண்டு கழித்து ஜெர்மன் திறனாய்வாளர் ஹான்ஸ் ராபர்ட் யாவ்ஸ் இந்த வழக்கின் முடிச்சை எடுத்துக்காட்டினார். பினார் பிடித்துக்கொண்ட வாக்கியங்கள் ஆசிரியரின் கருத்துகள் அல்ல, எம்மாவின் மனத்தில் ஓடியவை. ஆனால் அவற்றை அவளுடையவை என்று சொல்லும் அடையாளம் எதையும் ஃப்ளோபேர் வாக்கியத்தில் வைக்கவில்லை. ஒரு வாக்கியம் யாருக்குச் சொந்தம் என்ற இலக்கணக் கேள்விதான் நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

அந்த வழக்கின் தீர்ப்பை, நாவலைத் தமிழாக்க உட்காரும் ஒவ்வொருவரும் தனியறையில் மறுபடி எழுத வேண்டியிருக்கிறது. பிரெஞ்சில் அந்த வாக்கியங்கள் படர்க்கையில், இறந்தகாலத்தில், நினைத்தாள் எண்ணினாள் போன்ற ஒட்டு இல்லாமல் வருகின்றன. தமிழ் வாக்கியத்தை அப்படி நடுவில் நிறுத்துவது கடினம். ‘என்று நினைத்தாள்’ என முடித்துவிட்டால் வழக்கே இல்லை. எல்லாம் எம்மாவின் தலைக்குள் நடந்தது, ஆசிரியருக்குச் சம்பந்தமில்லை. அதை விட்டுவிட்டு ‘அவளுக்கு’ என்று எழுதினால் கதைசொல்லியே பேசுவதாகிறது, ஃப்ளோபேர் மறுபடி கூண்டில். ‘தனக்கு’ என்று எழுதினால் தராசு எம்மா பக்கம் சாய்ந்தாலும் ஐயம் கொஞ்சம் மிஞ்சுகிறது. பாத்திரத்தின் நினைப்பு கதைசொல்லியின் குரலுக்குள் ஓசைப்படாமல் கலப்பதைத் தி. ஜானகிராமனில் படித்துப் பழகியவர்கள் நாம். ஆகவே தமிழால் முடியாத காரியம் அல்ல இது. ஆனால் மொழிபெயர்ப்பாளர் மூன்றில் எந்த வழியில் போனார், மற்ற இரண்டை ஏன் விட்டார் என்பது தமிழ் மட்டும் அச்சான புத்தகத்தில் வாசகருக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் சொல்கிறேன்: சில செவ்வியல் பிரெஞ்சு நாவல்களையாவது இருமொழிப் பதிப்பாக, இடப்பக்கம் மூலமும் வலப்பக்கம் தமிழுமாக, நம் பதிப்பாளர்கள் வெளியிட வேண்டும். இது பிரெஞ்சு கற்றுக்கொடுக்கும் ஏற்பாடு அல்ல. அந்தப் பயனும் கிடைக்கலாம், அது உபரி. மொழிபெயர்ப்பாளரின் முடிவுகள் வாசகரின் கண்ணுக்குப் பட வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

மேல்நாடுகளில் இருமொழிப் பதிப்பு நீண்ட காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. 1912 முதல் வரும் லோப் செவ்வியல் நூல்வரிசையில் கிரேக்கத்துக்குப் பச்சை அட்டை, லத்தீனுக்குச் சிவப்பு, எதிரே ஆங்கிலம். பிரான்சில் புதே வரிசை 1920இல் தொடங்கி அதையே பிரெஞ்சோடு செய்கிறது. ஜெர்மனியில் ரெக்லாம் பதிப்பகத்தின் ஆரஞ்சு நிறச் சிறு புத்தகங்களைப் பார்த்தாலே இருமொழி நூல் என்று மாணவர்களுக்குத் தெரியும். நமக்கும் இது புதிதல்ல. உ.வே. சாமிநாதையர் காலத்திலிருந்து நாம் பழைய இலக்கியத்தை ‘மூலமும் உரையும்’ என்றுதான் அச்சிட்டு வந்திருக்கிறோம். செய்யுளுக்குக் கீழே பரிமேலழகரோ நச்சினார்க்கினியரோ இருப்பதால் செய்யுளின் சுவை கெட்டது என்று யாரும் குறை சொன்னதில்லை. உரையாசிரியரோடு வாசகர் சண்டை போடலாம், ஏனென்றால் மூலம் அங்கேயே இருக்கிறது. அந்தச் சண்டையால்தான் குறளுக்கு இத்தனை உரைகள் பிறந்தன. இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். புதுச்சேரியில் 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வெளியீட்டு வரிசையில் முதல் நூல், 1956இல் வந்த காரைக்கால் அம்மையார் பாடல்கள்: தமிழ் மூலமும் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் சேர்ந்தது. சாமிநாதையர் 1918இல் உரையோடு பதிப்பித்த பரிபாடலை, பிரான்சுவா குரோ 1968இல் தமிழ் மூலத்தோடும் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடும் குறிப்புகளோடும் அதே நிறுவனத்தின் வழி வெளியிட்டார். நம் நூலுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் செய்த மரியாதை அது. அவர்கள் நூலுக்கு நாம் இன்னும் அதைத் திருப்பிச் செய்யவில்லை.

காலம் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்தின் பயனைப் பார்க்கலாம். பிரெஞ்சில் இறந்தகாலம் இரண்டு விதமாக நடக்கும். நடந்து முடிந்ததைச் சொல்ல ஒன்று. நடந்துகொண்டே இருந்ததை, வழக்கமாக நடந்ததைச் சொல்ல மற்றொன்று. ஃப்ளோபேர் இரண்டாவதில் மூழ்கித் திளைத்தவர். நாவலின் முதல் பாகத்தில், ஏழாம் அத்தியாயத்தில், புதிதாகக் கல்யாணமான எம்மாவின் சலிப்பை அவர் முழுக்க அந்த வடிவத்திலேயே எழுதுகிறார். நோய் தீர்ந்த வனக்காவலர் ஒருவர் கொடுத்த சின்ன நாயைக் கூட்டிக்கொண்டு அவள் உலாவப் போகிறாள். ஊருக்கு வெளியே உள்ள மரத்தோப்பு, பாழடைந்த மண்டபம், அதே புல், அதே காற்று. இது ஒருநாள் நடந்ததல்ல, எல்லா நாளும் நடந்தது. பிறகு செப்டம்பர் கடைசியில், பெரிய வீட்டு விருந்துக்கு ஓர் அழைப்பு வருகிறது. வினை சட்டென்று முற்றுப்பெற்ற இறந்தகாலத்துக்கு மாறுகிறது. அவள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நடந்த சம்பவம் இது என்பதை வினைமுற்றே சொல்லிவிடுகிறது. ஃப்ளோபேரின் இந்தக் கைவரிசையைப் பற்றி மார்செல் ப்ரூஸ்த் 1920இல் ஒரு கட்டுரையே எழுதினார். காலங்களையும் பிரதிப்பெயர்களையும் புதிதாகக் கையாண்டே ஃப்ளோபேர் நாம் உலகைப் பார்க்கும் பார்வையை மாற்றினார் என்றும், அது ஏறக்குறைய தத்துவத்தில் காண்ட் செய்ததற்கு ஈடு என்றும் அதில் வாதிட்டார். கொஞ்சம் மிகைதான், ஆனால் பொய்யல்ல. ஆங்கிலத்தின் சாதாரண இறந்தகாலம் இந்த இரண்டையும் ஒரே உருவத்தில் அடக்கிவிடக்கூடியது. ஆங்கிலம் வழியாகத் தமிழாக்குபவர் ‘நடந்தாள், உட்கார்ந்தாள், பார்த்தாள்’ என்று எழுதிப் போவார். ஒவ்வொரு நாளும் நடந்தது ஒரே நாளில் நடந்ததாகிவிடும். தமிழுக்கோ இதற்கென்று சொந்தமாகவே ஒரு வழி இருக்கிறது. ‘சாயங்காலமானால் நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள், தோப்புவரை போவாள், புல்லில் உட்கார்ந்து குடைக்கம்பியால் தரையைக் குத்திக்கொண்டிருப்பாள்’ என்று எதிர்கால வினைமுற்றை இறந்தகால வழக்கத்துக்குப் பயன்படுத்துவது நம் வீடுகளில் பழங்கதை பேசும் எவருக்கும் கைவந்த முறை. கால வழுவமைதி என்று இலக்கணம் இதற்கு இடமும் கொடுத்திருக்கிறது. இடப்பக்கத்தில் பிரெஞ்சு இருந்தால், வரிக்கு வரி ஒரே விகுதியில் முடியும் வினைகள் கண்ணில் அறையும். மொழிபெயர்ப்பாளர் ‘போனாள்’ என்று எழுதியிருந்தால் ஏன் ‘போவாள்’ இல்லை என்று கேட்கும் உரிமை வாசகருக்கு வந்துவிடும்.

இங்கே முதல் மறுப்பு எழும். அந்தக் கேள்வியைக் கேட்க வாசகருக்குப் பிரெஞ்சு தெரிய வேண்டாமா? தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? நியாயமான கேள்விதான். ஆனால் எதிர்ப்பக்கம் தரும் சேதியில் பாதிக்குப் பிரெஞ்சே தேவையில்லை. ‘மதாம் பொவாரி’யின் இரண்டாம் பாகம் எட்டாம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம், வேளாண் கண்காட்சி அத்தியாயம். ஃப்ளோபேர் 1853இல் மாதக்கணக்கில் இதோடு மல்லுக்கட்டினார். கீழே மைதானத்தில் அதிகாரிகள் அரசையும் உழவையும் புகழ்ந்து முழங்குகிறார்கள். மேலே நகர்மன்ற மாடியில் யாரும் இல்லாத கூடத்தில் உட்கார்ந்துகொண்டு ரொதோல்ஃப் என்ற பண்ணைக்காரன் எம்மாவிடம் விதி, ஆன்மா, காதல் என்று வலை விரிக்கிறான். முதலில் சொற்பொழிவு ஒரு நீளப் பத்தி, பேச்சு ஒரு நீளப் பத்தி என்று மாறிமாறி வருகிறது. போகப்போகப் பத்திகள் குறுகுகின்றன. பரிசளிப்புத் தொடங்கியதும் ஒரு வரி காதல், ஒரு வரி பரிசு அறிவிப்பு என்றாகிவிடுகிறது. அவன் உருகிச் சொல்லும் வார்த்தைக்கு அடுத்த வரியில் எருவுக்கான பரிசு அறிவிக்கப்படுகிறது. இந்த நெருக்கத்தைப் பார்க்க மொழி எதற்கு? பக்கத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாலே கட்டம் தெரியும். வலப்பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் இரண்டு வரிகளை ஒட்டிவிட்டாலோ, புரியட்டும் என்று ‘அவன் சொன்னான்’, ‘மேடையிலிருந்து குரல் வந்தது’ என்று சேர்த்துவிட்டாலோ அந்தக் கட்டம் கலைந்திருப்பது எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் புலப்படும். அதேபோல ஃப்ளோபேர் சில சொற்களைச் சாய்வெழுத்தில் அச்சிட்டார். அவை ஆசிரியரின் சொற்கள் அல்ல, அந்தச் சிற்றூர்க்காரர்கள் வாயில் தேய்ந்த வழக்குகள், இரவல் வாங்கிப் போட்டவை என்று காட்டும் குறி அது. தமிழ் அச்சில் சாய்வெழுத்து அவ்வளவாக வேரூன்றாததால் மொழிபெயர்ப்பில் இது முதல் பலியாகும். இடப்பக்கத்தில் சாய்ந்து நிற்கும் சொல்லைப் பார்க்கும் வாசகர், வலப்பக்கத்தில் அதன் கேலி எங்கே போயிற்று என்று தேடுவார்.

அதே அத்தியாயத்தின் கடைசியில் கத்ரீன் லெரூ என்ற கிழவி மேடைக்கு வருகிறாள். ஒரே பண்ணையில் ஐம்பத்து நான்கு ஆண்டு வேலை செய்ததற்காக அவளுக்கு இருபத்தைந்து பிராங்கு மதிப்புள்ள வெள்ளிப் பதக்கம். களஞ்சியத் தூசியும் சலவைக் காரமும் ஏறிக் காய்த்துப்போன அவள் கைகளை ஃப்ளோபேர் நின்று வர்ணிக்கிறார். அத்தியாயம் முழுக்க ஓடிய கேலி அந்த ஒரு பத்தியில் நின்றுவிடுகிறது. அங்கே அவர் வாக்கியங்கள் நீள்கின்றன, காற்புள்ளிகளால் தொடுத்துத் தொடுத்துப் போகின்றன. தமிழில் இப்படிப்பட்ட வாக்கியத்தை நாலாக உடைப்பது பொதுவான பழக்கம். வினை கடைசியில் வரும் மொழியில் அது பல நேரம் தவிர்க்க முடியாததும்கூட. உடைத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. இடப்பக்கத்தில் முற்றுப்புள்ளி எங்கே இருக்கிறது, வலப்பக்கத்தில் எத்தனை இருக்கின்றன என்பதை எண்ணிப் பார்க்கும் வசதி வாசகருக்கு இருக்க வேண்டும் என்கிறேன். அந்தக் கிழவி முன்னால் மொழிநடை நின்று நிதானித்ததா, மூச்சிரைத்ததா என்பதை அவரே முடிவு செய்துகொள்வார்.

பிரெஞ்சு தெரிந்தவர்களே இல்லை என்பதும் சரியல்ல. நகர்ப்புறப் பள்ளிகளில் மேல்நிலை வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுக்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கிறார்கள். தேர்வு முடிந்ததும் அந்த மொழி அவர்களுக்கு எதற்கும் பயன்படாமல் துருப்பிடிக்கிறது. முழு நாவலைப் பிரெஞ்சில் படிக்க அவர்களால் முடியாது. தமிழில் மட்டும் படிக்கக் காரணமும் இல்லை. அரைகுறையாகத் தெரிந்தவருக்கே இருமொழிப் பதிப்பு மிகவும் பொருந்தும். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன, பிரெஞ்சுப் பள்ளியும் இருக்கிறது. இன்னொரு கூட்டமும் உண்டு. போரினால் இடம்பெயர்ந்து பாரிசிலும் அதன் புறநகர்களிலும் வாழும் ஈழத்தமிழரின் பிள்ளைகள், ஃப்ளோபேரையும் கமுய்யையும் பள்ளியில் பாடமாகப் படிக்கிறார்கள். அவர்களுக்கு இடப்பக்கம் தண்ணீர் பட்ட பாடு, வலப்பக்கம்தான் மலை. தெரிந்த நாவலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழுக்கு ஏற இதைவிட நல்ல படிக்கட்டு எது?

இரண்டாவது மறுப்பு மொழிபெயர்ப்பாளர்களிடமிருந்து வரும். அதற்கு அதிக வலு உண்டு. மூலம் எதிரே இருந்தால் ஒவ்வொரு வரிக்கும் ஓர் ஆசிரியர் பிரம்போடு நிற்பதுபோல் ஆகிவிடும். பயந்துபோய்ச் சொல்லுக்குச் சொல் வைத்துப் பிழைத்துக்கொள்வோம், தமிழ் செத்துப்போகும் என்பார்கள். லோப் வரிசையின் பழைய நூல்கள் பலவற்றில் ஆங்கிலம் உலர்ந்துபோய் இருப்பதை மறுக்க முடியாது. ஆனால் அதே வரிசையின் ஒரு நூல் மறுபக்கத்தையும் காட்டுகிறது. லத்தீன் கவிஞர் மார்ஷியலின் பாடல்களை 1919இல் வெளியிட்டபோது, பச்சையாக இருந்த பாடல்களுக்கு எதிரே ஆங்கிலத்துக்குப் பதில் இத்தாலிய மொழிபெயர்ப்பைப் போட்டார்கள். ஆங்கிலேய வாசகரின் ஒழுக்கத்தைக் காப்பாற்றும் ஏற்பாடு! இத்தாலி தெரியாதவருக்கும் ஒன்று விளங்கிவிட்டது: இங்கே எதையோ மறைக்கிறார்கள். எந்தப் பாடல்களைத் தேடிப் படிக்க வேண்டும் என்று அடையாளம் போட்டுக் கொடுத்ததுபோல் ஆயிற்று. 1993இல் வந்த புதிய பதிப்பில் அவை ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தன. மூலம் இல்லாத பதிப்பாக இருந்தால் அந்தப் பாடல்களை ஓசைப்படாமல் விட்டிருப்பார்கள், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ‘மதாம் பொவாரி’யும் வெட்டுக்குத் தப்பவில்லை. 1856 டிசம்பரில் ‘ரெவ்யூ த பாரி’, ருவான் நகரில் மூடிய குதிரைவண்டி சுற்றிச்சுற்றி ஓடும் காட்சியை வெட்டியது. வெட்டியதை அடிக்குறிப்பில் ஒப்புக்கொண்டது. மொழிபெயர்ப்பில் வெட்டுபவர்கள் அடிக்குறிப்பு போடுவதில்லை. வெட்டுவதற்கான காரணங்களும் எப்போதும் சோம்பல் அல்ல. இந்த நாவலின் முதல் ஆங்கில மொழிபெயர்ப்பை 1886இல் வெளியிட்ட லண்டன் பதிப்பாளர் ஹென்றி விசட்டெலி, பிறகு எமில் சோலாவின் நாவல்களை வெளியிட்டதற்காக 1889இல் சிறைக்குப் போனார். அப்படிப்பட்ட காலத்தில் மொழிபெயர்ப்பாளரின் பேனா தானாகவே அடங்கும்.

அந்த முதல் ஆங்கில மொழிபெயர்ப்பைச் செய்தவர் கார்ல் மார்க்சின் இளைய மகள் எலினோர். மேதையாக மொழிபெயர்ப்பவர், கூலிக்கு மொழிபெயர்ப்பவர், மனச்சாட்சியோடு உழைப்பவர் என்று மூவகை சொல்லி, தன்னை மூன்றாவதில் சேர்த்துக்கொண்டவர் அவர். குறைகள் இருப்பதையும் முன்னுரையிலேயே ஏற்றுக்கொண்டார். எழுபது ஆண்டுக்குப் பிறகும் அமெரிக்கக் கல்லூரிகளில் அந்த மொழிபெயர்ப்பே ஓடிக்கொண்டிருந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் இந்த நாவலை நடத்திய விளாதிமிர் நபக்கோவ் அதன்மேல் கடுப்பாகி, மாணவர்களுக்குத் திருத்தங்களைச் சொல்லிச்சொல்லியே பாடம் நடத்தினார். நபக்கோவின் கோபம் கொஞ்சம் அநியாயமானது என்பது என் எண்ணம். எலினோரின் மொழிபெயர்ப்புக்குப் பக்கத்தில் மூலமும் இருந்திருந்தால் அந்த மாணவர்கள் திருத்தங்களைத் தாங்களே கண்டிருப்பார்கள்; அவர் செய்த நல்ல காரியங்களையும் கண்டிருப்பார்கள். பிழை கண்டுபிடிக்கும் அதே கண்தான் ஒரு மொழிபெயர்ப்பாளர் சிக்கலான இடத்தில் எடுத்த சாதுர்யமான முடிவையும் பார்த்துக் கைதட்டும். தமிழில் மொழிபெயர்ப்பாளருக்கு வரும் அதிகபட்சப் பாராட்டு ‘மொழிபெயர்ப்பு என்றே தெரியவில்லை’ என்பது. அவர் இருப்பதே தெரியாமல் இருந்தால்தான் புகழ் என்ற இந்த விசித்திரமான நிலையை எதிர்ப்பக்கம் மாற்றும். சுதந்திரம் எடுத்துக்கொண்டவர், அதை எடுத்துக்கொண்டேன் என்று காட்டி நிற்கலாம்.

வாசிப்பின் ஓட்டம் கெடுமே என்பது அடுத்த மறுப்பு. கண் இடமும் வலமுமாகத் தாவினால் கதைக்குள் எப்படி மூழ்குவது? முதல் வாசிப்பைப் பொறுத்தவரை இதை ஒப்புக்கொள்கிறேன். முதல்முறை எம்மாவோடு போகிறவர் வலப்பக்கத்தை மட்டும் படித்துக்கொண்டு போகட்டும். இடப்பக்கம் ஒன்றும் கூச்சலிடப்போவதில்லை. ஆனால் எம்மா கடைசியில் நஞ்சு உண்டு சாகிறாள் என்பது நாவலைத் திறக்காதவர்களுக்கே தெரிந்த செய்தி. செவ்வியல் நாவலை முடிவு தெரிந்துகொள்ள யாரும் படிப்பதில்லை. இரண்டாம் முறை படிக்கும்போது, பத்தி பத்தியாக, ஒரு பத்தியைத் தமிழில் முடித்துவிட்டு எதிரே எட்டிப்பார்க்கும் வேகமே சரியான வேகம். வாக்கியத்துக்கு வாக்கியம் தாவினால்தான் அது அகராதி வேலையாகும்.

தழுவலை இகழ்ந்துகொண்டு இதைப் பேசுவதாக நினைக்கக் கூடாது. ஹ்யூகோவின் ‘லே மிசெராப்ள்’ தமிழுக்குச் சுத்தானந்த பாரதியார் மூலம் ‘ஏழை படும் பாடு’ ஆகி, 1950இல் நாகையா நடித்த திரைப்படமாகவும் ஆகி, பிரெஞ்சு என்ற மொழி இருப்பதே தெரியாத ஆயிரக்கணக்கானோரை அழவைத்தது. எந்த இருமொழிப் பதிப்பும் அதைச் செய்யாது. தழுவல் இலக்கியமாகாது என்று சண்டைக்கு நின்ற புதுமைப்பித்தனின் கதைகளிலேயே சில மாப்பசானின் தழுவல்கள் என்று பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்து, அது பற்றி எழுந்த காரசாரமான விவாதம் பல பத்தாண்டு ஓடியது. அந்த விவாதத்தில் கசப்பு அவ்வளவு சேர்ந்ததற்குக் காரணம், பெரும்பாலான தமிழ் வாசகர்கள் கையில் ஒப்பிட மூலம் இல்லாமல் போனது. கண்டுபிடித்தவர் சொன்னதை நம்ப வேண்டும், அல்லது மறுப்பவர் சொன்னதை நம்ப வேண்டும். நேரடியாகப் பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்ப்பவர்கள் வந்த பிறகு நிலைமை மேம்பட்டது. வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் 1980இல் க்ரியா வெளியிட்ட கமுய்யின் ‘அந்நியன்’ அந்த மாற்றத்தின் அடையாளம். ஆங்கிலத்தைக் கடந்தாயிற்று, மூலத்தை வாசகர் கையில் கொடுப்பது அதற்கு அடுத்த படி. கைப்பேசியில் நொடியில் மொழிபெயர்த்துத் தரும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று மட்டும்: இயந்திரம் தரும் வாக்கியத்துக்கு யாரும் கையெழுத்திடுவதில்லை. ‘போவாள்’ என்பதை விட்டு ‘போனாள்’ என்று ஏன் போட்டாய் என்று அதைக் கேட்டால், உடனே மாற்றிக் கொடுத்துவிடும், அது பதிலாகாது.

பணத்துக்கு வருவோம். ‘மதாம் பொவாரி’யை முழுசாக இருமொழியில் போட்டால் எளிதில் தொள்ளாயிரம் பக்கத்தைத் தாண்டும். தமிழ் பிரெஞ்சைவிட இடம் அதிகம் அடைக்கும் என்பதால் பக்க அமைப்பும் தொல்லை. இடப்பக்கத்தில் வரி இடைவெளியைக் கூட்டி, வலப்பக்கத்தில் எழுத்தளவைக் குறைத்து, பத்திகளுக்கு எண் போட்டு இணைக்க வேண்டியிருக்கும். அதனால் பெரிய நாவலில் தொடங்குவது புத்திசாலித்தனம் அல்ல. முப்பது சிறு அத்தியாயங்களில் முடியும் வோல்தேரின் ‘கேன்டீட்’ இருக்கிறது. பதிப்புரிமையையும் பார்க்க வேண்டும். கமுய்யின் நூல்களுக்கு ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டு என்ற இந்தியச் சட்டக்கணக்கு 2020இல் முடிந்துவிட்டது. பிரான்சில் எழுபது ஆண்டு என்பதால் பாரிஸ் கடைகளில் விற்க 2031 வரை காத்திருக்க வேண்டும். ஃப்ளோபேருக்கு எங்கும் அந்தத் தடை இல்லை. இந்திய மொழிகளில் பிரெஞ்சு நூல்கள் வர உதவும் தாகூர் பதிப்புதவித் திட்டத்தைப் பிரெஞ்சு அரசு நடத்துகிறது. கூடுதல் பக்கங்களின் தாள் செலவுக்கும் உதவுமாறு அவர்களிடம் கேட்பதில் தப்பில்லை, அது அவர்கள் மொழியே அச்சாகும் பக்கம்.

முதல் நூலாக எதைப் போடலாம் என்று கேட்டால், கண்காட்சி அத்தியாயத்தையும், 1877இல் வந்த ‘எளிய உள்ளம்’ குறுநாவலையும் ஒரே தொகுதியாகப் போடலாம் என்பேன். பதக்கம் வாங்கிய கிழவியை ஃப்ளோபேர் மறக்கவில்லை. இருபது ஆண்டு கழித்து, வருஷத்துக்கு நூறு பிராங்கு சம்பளத்தில் ஒரே வீட்டுக்கு உழைத்துத் தேய்ந்த ஃபெலிசிதே என்ற வேலைக்காரியின் முழு வாழ்க்கையையும் அந்தக் குறுநாவலில் எழுதினார். அதிலும் வினைகள் பெரும்பாலும் ‘செய்வாள், போவாள்’ வகைதான். ஆகவே காலப் பிரச்சினை முதல் பக்கத்திலேயே மொழிபெயர்ப்பாளரின் சட்டையைப் பிடிக்கும். இரண்டும் சேர்ந்து, இருமொழியிலும், சாதாரண நாவல் அளவைத் தாண்டாது. மெய்ப்புப் பார்க்க மட்டும் இருவர் வேண்டும், அதில் ஒருவர் பிரெஞ்சுப் பக்கத்துக்கு. அந்த இரண்டாவது ஆளின் கூலியை மிச்சம் பிடிக்க நினைக்கும் பதிப்பாளர் இந்த வேலையில் இறங்காமல் இருப்பது நல்லது.